ஏழுமலை ஷிப்டில் மட்டும் நின்ற மிஷின்

1. மூன்றாவது பிளாக்

“சேவியர், எங்க இருக்கீங்க? உடனே வாங்க. நேத்து மதியம் மூணாவது பிளாக்கும் போச்சு.”

பாஸ்கர் சார் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கத்துகிறவர். மெதுவாகப் பேசுகிறார் என்றால் பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள், அவர்கள் காதில் விழக் கூடாது என்று அர்த்தம்.

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். பிளஸ் டூ முடித்து ஆவடியில் ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸ் படித்தேன். படிப்பு அவ்வளவுதான். மீதியெல்லாம் ஆண்டவர் கிருபையில், கையைச் சுட்டுக்கொண்டு கற்றது. அம்பத்தூர், திருமழிசை எஸ்டேட்டுகளில் சின்னக் கம்பெனிகளுக்கு வருட கான்ட்ராக்ட்டில் சர்வீஸ் பார்க்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். அவர்களுக்கு இந்த ஒரு சம்பவத்தையாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

பாஸ்கர் சாரின் கம்பெனி திருமழிசையில். பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற அச்சு, அதாவது மோல்டு, செய்கிறார்கள். ஸ்டீல் பிளாக்கை வைத்தால் அச்சு வெட்டிக் கொடுக்கும் விஎம்சி மிஷின் ஒன்றே ஒன்று இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதன் மெமரி சின்னது. பெரிய புரோகிராமை ஒரே வாயில் விழுங்காது. பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்துகொண்டு வரி வரியாக ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு டிஎன்சி என்று பெயர். ஊட்டுவது நடுவில் நின்றால், கட்டர் அதே இடத்தில் நின்று சுற்றும். கண்ணாடி மாதிரி வர வேண்டிய ஃபினிஷிங்கில் ஒரு வடு விழுந்துவிடும். பிளாக் ரிஜெக்ட்.

அந்தக் கம்ப்யூட்டர் நான் அசெம்பிள் செய்து கொடுத்தது.

2. ஆளைத் தெரிந்த மிஷின்

நான் போனதும் பாஸ்கர் சார் கேபின் கதவைச் சாத்தினார்.

“மூணும் ஏழுமலை ஷிப்ட். தினேஷ் ஷிப்ட்ல ஒரு தடவகூட நிக்கல. இதுக்கு மேல என்ன சொல்லணும்?”

“மிஷின்ல ஏதாவது இருக்கலாம் சார்.”

“மிஷினுக்கு ஆளைத் தெரியுமா சேவியர்?”

ஏழுமலையும் தினேஷும்தான் அந்த மிஷினின் ஆபரேட்டர்கள். ஒருவர் காலை ஷிப்ட், ஒருவர் மதிய ஷிப்ட். வாரத்துக்கு ஒரு முறை மாறிக்கொள்வார்கள். போன வாரம் ஏழுமலை காலையில் வந்தார். மிஷின் காலையில் நின்றது. இந்த வாரம் மதியம் வருகிறார், மதியம் நிற்கிறது. கரண்ட், சூடு, வோல்டேஜ் என்று எதைச் சொன்னாலும் அது ஏழுமலையோடு சேர்ந்து ஷிப்ட் மாறுமா?

“ஆடி மாசம் கூழ் ஊத்தணும்னு மூணு நாள் லீவு கேட்டான். ஆர்டர் இருந்துச்சு, தரல. எல்லார் முன்னாடியும் கொஞ்சம் ஓவராவே பேசிட்டேன். அந்த வாரத்துலேருந்துதான் இது ஆரம்பம்” என்றார் சார். “பழி வாங்குறான்யா. எனக்கு நல்லாத் தெரியும். எப்படிச் செய்றான்னுதான் தெரியல. அத நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க. இன்னொரு தடவ நின்னா அவன வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

முதல் இரண்டு முறை நின்றபோதே நான் வந்து பார்த்திருந்தேன். கேபிளை மாற்றினேன். யுஎஸ்பி கன்வெர்ட்டரைப் புதிதாகப் போட்டேன். வைரஸ் ஸ்கேன் ஓட்டினேன். ஒன்றும் சிக்கவில்லை. நம்மால் கண்டுபிடிக்க முடியாதபோது மனசு தானாக மனிதர்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. என் மனசும் அன்றைக்குத் திரும்பிவிட்டது.

வெளியே வந்தபோது தினேஷ் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். ஷிப்ட் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தான். ஐயப்பன்தாங்கல் பக்கத்துப் பையன், வாய் ஓயாது.

“அண்ணே, உன் காதுல மட்டும் போடறேன். அந்தாளு கீபோர்டு மேல துணியப் போட்டு மூடிகினு இன்னாவோ பண்றாரு. நான் கேட்டதுக்கு மொறைக்கறாரு. நமக்கு எதுக்கு வம்பு, இன்னா?”

துணியைப் போட்டு மூடுகிறாரா? எதற்கு மூட வேண்டும்? எனக்குள் இருந்த சந்தேகம் கெட்டியாகிவிட்டது.

ஏழுமலையிடம் பேசாமல் இல்லை. பேசினேன். ஐம்பதை நெருங்குகிற ஆள். ஒரு காலத்தில் அவர் குடும்பமே சுற்றுப்பக்க நிலங்களில் கூலி வேலை செய்தது. நிலமெல்லாம் ஃபேக்டரி ஆனதும் இவர் மிஷின் துடைக்க வந்து, பார்த்துப் பார்த்தே ஆபரேட்டர் ஆனவர்.

“நின்னப்போ இன்னா ஆச்சுன்னு கேக்கறியா சார்? ஸ்கிரீனு கறுப்பா பூட்ச்சு. போன தபாவும் அதான் சொன்னேன்.”

“அது மானிட்டர் அணையுறது. எல்லாக் கம்ப்யூட்டர்லயும் அணையும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“தட்னா வந்துச்சு. ஆனா அதுக்குள்ள மிஷினு நின்னுகிது.”

“அது வேற, இது வேற” என்று சொல்லி வாயை அடைத்தேன். இதைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை தெரியாதவர் என்று நான் நினைத்தவர் சரியான விடையைச் சொன்னார். வேலை தெரிந்தவன் அதைத் தள்ளிவிட்டான்.

3. பிரிண்டர் ரிப்பேர்

மறுநாள் மதிய ஷிப்டில் நான் கேபினில் உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக மிஷின் நன்றாகத் தெரியும். பிரிண்டரைக் கழற்றி மேஜையில் பரப்பிக்கொண்டேன். யாராவது கேட்டால் ரிப்பேர் என்று சொல்லிக்கொள்ளலாம். பாஸ்கர் சார் வேண்டுமென்றே ஆவடி பக்கம் வேலை என்று கிளம்பிப் போய்விட்டார். முதலில் ரிஜெக்ட் ஆன பிளாக்கின் முகத்தைச் சீவி மறுபடி வெட்டச் சொல்லியிருந்தார். கெட்டாலும் புதிதாக நஷ்டம் இல்லை.

ஒரு மனிதனைத் திருடன் என்று முடிவு கட்டிவிட்டுப் பார்த்தால், அவன் மூச்சு விடுவதுகூடத் தப்பாகத் தெரிகிறது. ஏழுமலை மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நடிப்பு என்று நினைத்தேன். வேஸ்ட் துணியில் கையை நன்றாகத் துடைத்தார். எதற்கு இவ்வளவு துடைக்கிறார்? ஒற்றை விரலால் ‘சென்ட்’ அழுத்தினார். பிறகு, தினேஷ் சொன்ன மாதிரியே, ஒரு வெள்ளைத் துணியை விரித்து கீபோர்டையும் மவுசையும் மூடினார். மணி மூன்று பத்து.

ஆனால் மூடியதும் அவர் விலகிப் போய்விட்டார். மிஷின் கண்ணாடி முன்னால் நின்று, கட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ வந்தது. நின்ற இடத்திலேயே குடித்தார். கம்ப்யூட்டர் பக்கம் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

மூன்று நாற்பதுக்கு மிஷின் சத்தம் மாறியது.

நின்றுவிட்டது. ஏழுமலை பதறி கட்டரை மேலே தூக்கினார். நான் கேபினிலிருந்து ஓடி, கம்ப்யூட்டர் மேல் கிடந்த துணியைப் பிடுங்கினேன். அடியில் கீபோர்டும் மவுசும் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஸ்கிரீன் கறுப்பாக இருந்தது. குனிந்து கீழே இருந்த கம்ப்யூட்டர் கேபினெட்டைப் பார்த்தேன். பவர் லைட் விட்டு விட்டு மின்னியது.

மானிட்டர் மட்டும் அணைந்தால் அந்த லைட் நிலையாக எரியும். விட்டு விட்டு மின்னினால் கம்ப்யூட்டரே தூங்குகிறது என்று அர்த்தம். ஸ்லீப்.

“இன்னா சார், நான் எதுனா தொட்டனா?” ஏழுமலை எனக்குப் பின்னால் வந்து நின்றார். “நீ பாத்துகினுதான இருந்த? பேப்பரே இல்லாத பிரிண்டர அர மணி நேரமா ரிப்பேர் பண்ணிகினு கீறியே, எனக்குத் தெரியாதா?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“எதுக்கு துணி போட்டு மூடுறீங்க?”

“நீதான சார் சொன்ன! மொத நாளு மிஷினாண்ட கம்ப்யூட்டரு கொணாந்து வச்சப்போ. எண்ணெய்க் கையோட கீபோர்ட தொடாதீங்க, ஜாப் ஓடச்சொல்லோ அதுங்கிட்டயே போவாதீங்கன்னு. கூலன்ட்டு தண்ணி தெறிக்குதேன்னு துணி போட்டேன். என் ஊட்டுக்காரி வாரத்துக்கு ஒரு தபா தோச்சிக் குடுக்கறா.”

4. இட்லித் தட்டும் இரண்டு கிளிக்கும்

ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். கம்ப்யூட்டர் எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது என்று எல்லாம் அதில் பதிந்திருக்கும். மூன்று பிளாக் கெட்ட மூன்று நேரமும் வரிசையாக இருந்தது. ‘சிஸ்டம் ஸ்லீப்புக்குப் போகிறது.’ முதல் நாளே இதைத் திறந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. நான் திறக்கவில்லை. ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பவர் ஆப்ஷனில் ‘பேலன்ஸ்டு’ என்ற பிளான் ஓடிக்கொண்டிருந்தது. முப்பது நிமிடம் யாரும் கை வைக்காவிட்டால் ஸ்லீப். அரை மணிக்கு மேல் ஓடுகிற பெரிய ஃபினிஷிங் ஜாப் மட்டும்தான் இதில் மாட்டும். இதை யார் போட்டது என்று யோசித்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டர் வந்த புதிதில், மிஷின் இறங்குவதற்கு முன்பே, ரொம்ப ஸ்லோ என்று சார் புகார் சொன்னார். “ஒரு டூல்பாத் போட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் ஓடிக்கிட்டே இருக்குய்யா” என்றார். டூல்பாத் என்றால் கட்டர் போக வேண்டிய வழியைக் கம்ப்யூட்டர் கணக்குப் போடுவது. பார்த்தால், கரண்ட் மிச்சம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு சாரே ‘பவர் சேவர்’ போட்டு வைத்திருந்தார். அதில் பிராசஸர் முழு வேகத்துக்குப் போகாது. நான் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ போட்டேன். கம்ப்யூட்டர் பறந்தது. அந்த பிளானில் ஸ்லீப்பே கிடையாது. அதனால் பிறகு மிஷின் வந்து, டிஎன்சி ஓடிய மாதங்களில் எந்தப் பிரச்சினையும் இல்லை.

ஆடி மாதம் சார் மறுபடி போன் செய்தார். ஷீட் போட்ட ஷெட், ஃபேன் கத்துகிறது, கேபினெட்டைத் தொட்டால் சுடுகிறது, எரிந்துவிடப் போகிறது என்றார். நான் கோவில்பதாகையில் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இட்லித் தட்டு ஒரு கையில். இன்னொரு கையால் வீட்டிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய் ‘பேலன்ஸ்டு’க்கு மாற்றினேன். இரண்டு கிளிக். “ஆச்சு சார்” என்று சொல்லிவிட்டுச் சட்னி கேட்டேன்.

ஒவ்வொரு பவர் பிளானுக்கும் அதனதன் ஸ்லீப் நேரம் தனியாக உண்டு. பிளானை மாற்றினால் அதுவும் கூடவே மாறும். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அது ஏன் தினேஷ் ஷிப்டில் நிற்கவில்லை? அதே கம்ப்யூட்டரில் ஒரு ஓரமாகப் பாட்டு வீடியோ ஓட்டுவது அவன் பழக்கம். வீடியோ ஓடும்போது பிரவுசர் விண்டோஸிடம் “தூங்காதே” என்று சொல்லிவிடும். எங்கள் டிஎன்சி சாஃப்ட்வேர் பழையது, அதற்கு அப்படிச் சொல்லத் தெரியாது. போதாததற்கு அவன் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பாட்டை மாற்ற மவுசைத் தொடுவான். சொன்ன பேச்சைக் கேட்காதவன் ஷிப்டில் கம்ப்யூட்டர் விழித்திருந்தது. கேட்டவர் ஷிப்டில் தூங்கியது.

ஸ்லீப்பை ‘நெவர்’ என்று மாற்றினேன். ஹார்டு டிஸ்க் அணைவதையும், யுஎஸ்பி தானாக அணைகிற ‘செலக்டிவ் சஸ்பெண்டை’யும் நிறுத்தினேன்.

“இன்னா சார் கோளாறு?” என்று ஏழுமலை கேட்டார்.

“சின்னதுதான். சரி பண்ணியாச்சு.”

பாஸ்கர் சார் போனில் கேட்டார். “செட்டிங்ஸ்தான் சார்” என்றேன்.

“அவன் எந்த செட்டிங்க மாத்தினான்?”

“முழுசாப் பாத்துட்டுச் சொல்றேன் சார்.”

பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருமழிசையில் எனக்கு இருந்த நான்கு கம்பெனிகளில் மூன்று, சார் கை காட்டி வந்தவை. இரண்டு கிளிக்கில் மூன்று பிளாக்கைக் கெடுத்தவன் என்று தெரிந்தால் அந்த எஸ்டேட் வாசலை நான் மிதிக்க முடியாது. பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே, இனி யாருக்கும் ஒன்றும் ஆகாது, மெதுவாக எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

5. நல்ல செய்தி

இரண்டு நாள் மிஷின் நிற்கவே இல்லை. சனிக்கிழமை சாயந்திரம் சார் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“பாத்தீங்களா? நீங்க வந்து உக்காந்து வேவு பாத்ததும் பயந்துட்டான். கைய வெக்கல, மிஷின் ஓடுது. அப்ப இவ்ளோ நாள் அவன்தான். இனிமே எனக்கு சந்தேகமே இல்ல. திங்கக்கெழம கணக்கு முடிச்சு அனுப்பிடறேன். பூந்தமல்லிலேருந்து வேற ஆளு வர்றான்.”

நான் ரிப்பேர் செய்து வாயை மூடிக்கொண்டது, அந்த மனிதருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மிஷின் நின்றபோது வெறும் சந்தேகம். ஓடியதும் அது ருசுவாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில், பாவத்தை மறைத்து வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கக் கூடாது என்று நான் எழுந்திருக்கவில்லை. வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. நான் முழந்தாளிலேயே இருந்தேன். என் மனைவி ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். வண்டியில் வரும்போது கேட்டாள். சொன்னேன்.

“கண்டுபிடிச்ச அன்னைக்கே சொல்லிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்?”

“கான்ட்ராக்ட் போயிடும்மா.”

“போனா வேற வரும். அந்தாளுக்கு இந்த வயசுல வேற வேலை வருமா? சொல்லுங்க பாப்போம்.”



6. எல்லோரும் பார்க்க

திங்கட்கிழமை ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு, இரண்டு மணிக்கு, போனேன். இரண்டு ஆபரேட்டரும் இருப்பார்கள். ஏழுமலைக்கு அந்த வாரம் காலை ஷிப்ட், கைகால் கழுவிக்கொண்டிருந்தார். சார் அவரைக் கேபினுக்கு வரச் சொல்லியிருந்தார்.

“சார், அவரக் கூப்பிடறதுக்கு முன்னாடி நீங்க மிஷின்கிட்ட வாங்க. எல்லாரும் வாங்க” என்றேன்.

பிளாக் இல்லாமல் காற்றில் ஓட்டச் சொன்னேன். ஸ்லீப்பை இரண்டு நிமிடத்துக்கு வைத்தேன். தினேஷைப் புரோகிராம் அனுப்பச் சொன்னேன். “இப்ப யாரும் எதையும் தொடாதீங்க.” எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு நிமிடம். ஸ்கிரீன் கறுத்தது. மிஷின் நின்றது.

“மறுபடி ஓட்டு. இப்ப உன் பாட்டைப் போடு.”

தினேஷ் சாரைப் பார்த்துக்கொண்டே போட்டான். இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

“அப்ப நான் பாட்டு கேட்டதாலதான் கம்பெனி ஓடிச்சா?” என்றான் தினேஷ். யாரும் சிரிக்கவில்லை.

“இந்த செட்டிங்க வெச்சது யாரு?” சார் குரல் மெதுவாக வந்தது.

“நான்தான் சார். ஃபேன் கத்துதுன்னு ஆடி மாசம் போன் பண்ணீங்களே, அன்னைக்கு வீட்ல இட்லி சாப்பிட்டுக்கிட்டே மாத்தினேன். ஸ்லீப் இருக்கான்னு பாக்கல. வியாழக்கெழமையே எனக்குத் தெரியும். பயந்துக்கிட்டுச் சொல்லாம விட்டேன். ஏழுமலை ஒண்ணுமே பண்ணல.”

சார் என்னைப் பார்த்தார். பிறகு ஏழுமலையைப் பார்த்தார். கேபினுக்குப் போனவர், கதவைத் திறந்தே வைத்திருந்தார். வந்த கோபமெல்லாம் அங்கிருந்து வந்தது. “மூணு பிளாக்குய்யா! இட்லி துன்னுக்கிட்டே மாத்தினியா?” எனக்கு வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டேன். ஆனால் கணக்கு முடிக்கிற பேச்சு அதோடு நின்றது. என் கான்ட்ராக்ட் அந்த வருடத்தோடு முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை.

ஸ்லீப்பை மறுபடி ‘நெவர்’ ஆக்கிவிட்டுக் கிளம்பும்போது, வழக்கம்போல சர்வீஸ் ரிப்போர்ட் புக்கை எடுத்து எழுத ஆரம்பித்தேன். நாங்கள் எல்லாம் தப்புத் தப்பான இங்கிலீஷில் எழுதுவதுதான் வழக்கம். ஏழுமலை பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை.

“தமிழ்ல எழுது சார். என் ஊட்ல படிக்கணும்.”

“வீட்லயா?”

“இந்த தினேஷு எங்க தெருவுலதான் சொந்தக்காரங்க ஊட்டுக்கு வர்றான், போறான். தண்ணி புடிக்கிற எடத்துல என் ஊட்டுக்காரியக் கேக்கறாங்க, உன் புருஷன் கம்பெனிய நாசம் பண்றானாமேன்னு. நான் இல்லன்னு சொன்னா அவ நம்புவா. தெருவு நம்புமா?”

எழுதினேன். ‘மிஷின் நின்றதற்குக் காரணம் கம்ப்யூட்டரின் ஸ்லீப் செட்டிங். அதை வைத்தது சர்வீஸ் ஆளாகிய நான். ஆபரேட்டர் ஏழுமலை மீது எந்தத் தவறும் இல்லை.’ கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். திருப்பி என்னிடமே நீட்டினார்.

“சீலு வெய்யி சார். வெறும் கையெழுத்துன்னா நானே எழுதிக்கினேன்னு சொல்வாங்க.”

சீல் வைத்துக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு வேலை விஷயம் முதலில். டெஸ்க்டாப்புக்கு ‘பேலன்ஸ்டு’ போதும். தேவைப்பட்டால் அதிலேயே பிராசஸர் முழு வேகத்துக்குப் போகும். ‘பவர் சேவர்’ வேண்டாம். ஒரு மிஷினோடோ தராசோடோ இணைந்து ஓடுகிற கம்ப்யூட்டர் என்றால் ஸ்லீப்பை ‘நெவர்’ வையுங்கள். பிளானை மாற்றினால் ஸ்லீப்பை மறுபடி திறந்து பாருங்கள். ஃபேன் கத்தினால் செட்டிங்கைத் தொடுவதற்கு முன்னால் நேரில் போய்த் தூசி தட்டுங்கள்.

மற்றது எனக்கு நானே வைத்துக்கொண்டது. எங்கே எது நின்றாலும், யார் செய்திருப்பார்கள் என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் கடைசியாக எதைத் தொட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது நாக்கு இழுக்கத்தான் செய்கிறது. ஏழுமலையின் மனைவி தண்ணீர்க் குழாயடியில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். வார்த்தை வந்துவிடும்.